சட்டை குவிகிறது, குல்லாவைக் காணோம்: நீலகிரியில் கைக்குழந்தைப் பொருள் சேகரிப்பு

குன்னூரில் மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், ஏழைக் குடும்பங்களின் கைக்குழந்தைகளுக்கென்று சேர்ந்திருந்த மூட்டைகளைப் பிரித்துத் தரம் பார்க்கும் வேலையில் நானும் உட்கார்ந்திருந்தேன். முதல் மூட்டையில் மேலாக இருந்தவை நாடா வைத்த ஜபலாக்கள். பெரும்பாலானவை ஒரு முறை கூடத் துவைக்கப்படாதவை, சிலவற்றில் விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. அவற்றுக்குக் கீழே ஜரிகை உறுத்தும் பட்டுப் பாவாடை, இரண்டு பால் புட்டி, பாதி தீர்ந்த பவுடர் டப்பா, ஒரு சக்கரம் கழன்ற வாக்கர். மூட்டையின் அடியில் ஒரே ஒரு கம்பளிக் குல்லா கிடைத்தது. அதை எடுத்த மாத்திரத்தில் அந்துருண்டை நெடி அறை முழுக்கப் பரவியது. அடுத்தடுத்த மூட்டைகளும் ஏறத்தாழ இதே கதைதான். கொடுத்தவர்களின் மனதில் குறையில்லை, ஆனால் மூட்டையில் இருந்ததற்கும் மலையில் பிறக்கும் குழந்தைக்கு வேண்டியதற்கும் பொருத்தம் மிகக் குறைவாக இருந்தது. நன்கொடைக்குப் பஞ்சமில்லாத இடத்திலும் இந்தப் பொருத்தக் குறைவு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதைத்தான் இங்கே விளக்க வேண்டியிருக்கிறது.

முதல் காரணம் குளிர். சமவெளியில் இருந்துகொண்டு பொருள் அனுப்புகிறவர்கள் அதை ஊட்டிக்குச் சுற்றுலா வந்த இரண்டு நாள் அனுபவமாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் சுமார் 1,850 மீட்டரிலும் இருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் உதகையைச் சுற்றியுள்ள பள்ளங்களில் விடியற்காலையில் உறைபனி விழுந்து புல்வெளி வெளுத்துக் கிடக்கும். மேற்கே கூடலூர், பந்தலூர் பகுதிகள் உயரத்தில் அதில் பாதிதான் என்றாலும், ஆனி முதல் ஆவணி வரை அடிக்கும் தென்மேற்குப் பருவமழையில் அங்கே வீட்டுச் சுவரே வியர்க்கும். 2019 ஆகஸ்டில் குந்தா வட்டத்தின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது இந்த மாவட்டத்தில்தான்.

பச்சிளம் குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்பதும், 36.5-க்குக் கீழே போனாலே அதை உடல் குளிர்ந்த நிலையாகக் கருத வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பெரியவர்களைப் போல் நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளக் குழந்தைக்குத் தெரியாது. உடற்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தலையே என்பதால் மூடாத தலை வழியாகச் சூடு வேகமாக வெளியேறும், ஈரத்துணி அதை இன்னும் விரைவுபடுத்தும். பிறக்கும்போது எடை 2,500 கிராமுக்குக் குறைவாக இருந்தால் நிலைமை மேலும் கடினம். தோலுக்கடியில் கொழுப்பு குறைவாக உள்ள அந்தக் குழந்தை, பாலில் கிடைக்கும் சக்தியையெல்லாம் சூட்டைக் காப்பதற்கே செலவழித்துவிடும், எடை ஏறாது. ஆகவே இங்கே ஒரு குல்லாவும் இரண்டு ஜோடிக் காலுறையும் அலங்காரப் பொருள்களல்ல, மருந்துப் பெட்டியில் சேர்க்க வேண்டியவை.

இந்த உதவி யாருக்குத் தேவைப்படுகிறது என்பதும் இடத்துக்கு இடம் மாறும். தேயிலைத் தோட்டங்களில் நிரந்தரத் தொழிலாளிக்குச் சட்டப்படி பேறுகால விடுப்பும் கூலியும் உண்டு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண் தொழிலாளர்களுக்குக் குறையாத தோட்டத்தில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. சிறு விவசாயிகளின் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவருக்கும், கேரட், உருளைக்கிழங்குக் காட்டில் தினக்கூலிக்குப் போகிறவருக்கும் இவை பெரும்பாலும் எட்டுவதில்லை. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் வாழ்கிறார்கள். அண்மைக் காலத்தில் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் மாநிலங்களிலிருந்து வந்து கொழுந்து பறிக்கும் இளந்தம்பதிகள் பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பிரசவம் பார்க்க அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இல்லை, பழைய நூல் சேலை தரவும் ஆளில்லை. பனியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் ஆகிய பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கோ சாலையே பாதி வழிதான்.

அரசு தருவது குறைவு என்று சொல்லிவிட முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி உண்டு, அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்காக 2015-ல் தொடங்கப்பட்ட பரிசுப் பெட்டகத்தில் துண்டு, உடை, சிறு மெத்தை, வலை, நாப்கின், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் உட்பட 16 பொருள்கள் வகுக்கப்பட்டன. ஆனால் திருவாரூருக்கும் உதகைக்கும் ஒரே பெட்டகம். கொசு கடிக்கும் ஊரை நினைத்து வலை வைத்தவர்கள், பனி விழும் ஊரை நினைத்து ஸ்வெட்டர் வைக்கவில்லை. ரொக்க உதவியோ தவணைகளாக வருவது. அதற்குக் கர்ப்பப் பதிவும் அதில் கிடைக்கும் பிக்மி என்ற பதிவு எண்ணும் வங்கிக் கணக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும், மாநிலம் விட்டு மாநிலம் வந்த பெண்ணிடம் இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் போகும். நன்கொடை நுழைய வேண்டிய இடைவெளி இதுதான்: பிரசவத்துக்கு முந்திய சில வாரங்கள், வீடு திரும்பும் நாள், பிறகு முதல் குளிர்காலம்.

இனி மூட்டைக்குத் திரும்பலாம். பிறந்த குழந்தைக்கான சட்டை ஏன் குவிகிறது? சராசரியாக 3 கிலோ எடையில் பிறக்கும் குழந்தை ஐந்தாவது மாதத்தில் இரண்டு மடங்காகவும், ஓராண்டில் மூன்று மடங்காகவும் ஆகிறது. முதல் அளவுச் சட்டை ஆறேழு வாரத்தில் பத்தாமல் போகும். அதற்குள் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதே அளவில் ஆளுக்கொன்று வாங்கி வந்திருப்பார்கள். எனவே அவை கிழியாமல், கறைபடாமல், புதுமை மாறாமல் அலமாரியில் தங்கி, மனம் இளகும் ஒரு நாளில் மூட்டைக்கு வருகின்றன. மாறாக, தவழத் தொடங்கிய குழந்தையின் உடை முழங்காலில் தேய்ந்து, சாதக்கறையும் மண்கறையும் ஏறி, அடுப்படித் துணியாகிவிடுகிறது. கொடுப்பதற்கு மிஞ்சுவதில்லை. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான அளவுகள், அதிலும் முழுக்கை உள்சட்டையும் பாதம் வரை மூடும் காற்சட்டையும், கேட்டு வாங்கினாலொழிய வராது. அறிவிப்பில் ‘குழந்தைத் துணிகள்’ என்று பொதுவாக எழுதினால் ஜபலா மட்டுமே வரும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் அறிவார்கள்.

நாப்கின் துணியில் கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும். பச்சிளம் குழந்தைக்கு நாளொன்றுக்குப் பத்துத் துணியாவது மாற்ற வேண்டியிருக்கும். வெயில் காலத்தில் காலையில் துவைத்தது மாலையில் மடிக்கலாம். கூடலூர் மழையில் அதே துணி காய மூன்று நாள் ஆகிறது, அதுவும் அடுப்புக்கு மேலே கொடி கட்டி, புகை வாசத்தோடு. அப்படியானால் குறைந்தது முப்பது துணி கையில் இருக்க வேண்டும். ஆறு துணி கொண்ட அழகான பொட்டலம் அரை நாளைக்கு மட்டுமே தாக்குப்பிடிக்கும். இதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. வெளுத்து மெத்தென்றான எட்டு முழ நூல் வேட்டி ஒன்றை அறுபது சென்டிமீட்டர்ச் சதுரங்களாக வெட்டினால் பன்னிரண்டு துணி கிடைக்கும், மூன்று வேட்டி இருந்தால் ஒரு குழந்தையின் மழைக்காலம் கழிந்துவிடும். பாலியெஸ்டர் கலந்த வேட்டி உதவாது, அது ஈரத்தை உறிஞ்சாது. வெட்டும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால், நூல் உடனே குடித்துவிடும், கலப்பு நூலில் சொட்டு முத்தாக நிற்கும்.

டயபர் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என்னுடைய பதில் அரைமனதானது. மருத்துவமனையிலிருந்து மலைப்பாதையில் இரண்டு மூன்று மணி நேரம் பயணப்படும் அன்றைக்கும், அடைமழை நாள்களின் இரவுக்கும் ஒரு சிறு கட்டு பெரிய நிம்மதி. அதற்கு மேல் கொடுத்தால் பயன்படுத்தியதை எங்கே போடுவது? திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயபரைத் தனியே சுற்றிக் கட்டிக் கழிவு வண்டியில் கொடுக்கச் சொல்கின்றன. வண்டி வராத லைன் வீட்டில் அது சரிவில் வீசப்பட்டு, காட்டுப்பன்றி கிளறி, அடுத்த வீட்டுக்காரர் தண்ணீர் பிடிக்கும் ஓடையில் போய்ச் சேர்கிறது.

அந்துருண்டைக்கு இப்போது வருகிறேன். தரம் பார்க்கிறவர்களில் பலர் இதை வெறும் வாசனைப் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் இதில்தான் உண்மையான ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஈரம் மிகுந்த மலை வீடுகளில் கம்பளித் துணிகளைப் பூச்சி அரிக்காமலிருக்க அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைப்பது தலைமுறைப் பழக்கம். அதில் உள்ள நாப்தலின் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகித் துணியிழைகளில் ஏறி உட்காரும். ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தையின் உடலில் அது சேர்ந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சிதைகின்றன. மஞ்சள் காமாலை வேகமாக ஏறி, முற்றினால் மூளையைப் பாதிக்கும். நம் வழக்கப்படி எண்ணெய் தேய்த்த உடம்பில் அந்தத் துணியைச் சுற்றினால், எண்ணெய்ப் பசை நாப்தலினை இன்னும் எளிதாகத் தோலுக்குள் ஏற்றிவிடும். இந்த நொதிக் குறைபாடு மலேரியா பரவியிருந்த நிலங்களின் மக்களிடையே கூடுதலாகக் காணப்படுவது, அரிவாள் செல் இரத்தசோகையும் அத்தகையதே. இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான். இங்கேயும் ஜி6பிடி குறைவு இருக்கக்கூடும், ஆனால் எந்தக் குழந்தைக்கு என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. ஆகவே நெடி வரும் கம்பளியைத் துவைத்து, பல நாள் வெயிலிலும் காற்றிலும் போட்டு, நெடி முற்றிலும் போன பிறகு பெரிய பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். பச்சிளம் குழந்தைக்கு என்று ஒதுக்கும் பெட்டியில் அதற்கு இடமில்லை. சேகரிப்பு அறிவிப்பில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால் நான் எழுதச் சொல்வது ‘அந்துருண்டை வைத்த துணி வேண்டாம்’ என்பதைத்தான்.

பால் பவுடரைப் பொறுத்தவரை இது விருப்பு வெறுப்பு சார்ந்த கேள்வியே அல்ல, சட்டம் சார்ந்தது. 1992-ல் இயற்றப்பட்டு 2003-ல் திருத்தப்பட்ட குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள் சட்டம், பால் பவுடர், பால் புட்டி, டப்பாவில் வரும் இணை உணவு ஆகியவற்றை ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்குத் தவிர வேறு யாருக்கும் நன்கொடையாகக் கொடுப்பதையோ விநியோகிப்பதையோ தடை செய்கிறது. தாய்ப்பால் கொடுக்க முடியாமலும் விலைக்கு வாங்க வழியில்லாமலும் இருக்கும் தாய்க்கு, தாய்–சேய் நலப் பணியில் உள்ள மருத்துவ அமைப்பு மட்டுமே அதைத் தரலாம். நல்ல எண்ணத்தோடு ‘பால் டின் அனுப்புங்கள்’ என்று அறிவிப்பு ஒட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

சட்டத்துக்குப் பின்னால் உள்ள காரணத்தை ஒரு டப்பாவை வைத்தே விளக்கலாம். மூன்று மாதக் குழந்தை முழுக்கப் பவுடர்ப் பாலையே குடித்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் பவுடர் செலவாகும், 400 கிராம் டப்பா நான்கே நாளில் தீரும். அந்த நான்கு நாளில் குழந்தை மார்பைச் சப்பாததால் தாய்க்குப் பால் சுரப்பது குறையத் தொடங்கிவிடும். ஐந்தாம் நாள் வாங்கப் பணமில்லாத வீட்டில் பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள். அந்தத் தண்ணீர் ஓடைத் தண்ணீராக இருக்கும், புட்டியைக் கொதிக்க வைக்க விறகு ஈரமாக இருக்கும். பிறகு வயிற்றுப்போக்கு, எடை இறக்கம், மருத்துவமனை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்ற விதி ஏழை வீட்டில் அறிவுரை மட்டுமல்ல, சேமிப்பும் கூட. குழந்தைக்குப் பால் தர நினைக்கிறவர் தாய்க்குச் சோறும் பருப்பும் முட்டையும் கிடைக்க வழி செய்தால், அது நேராகக் குழந்தைக்கே போய்ச் சேரும்.

தாயை நினைக்கும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டி வைக்கும் கங்காரு பராமரிப்பு முறை 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனையில், இன்குபேட்டர் பற்றாக்குறையிலிருந்து பிறந்தது. உதகைக் குளிருக்கு அதைவிடப் பொருத்தமான சூடேற்றி இல்லை. ஆனால் அதற்கு முன்பக்கம் திறக்கும் நைட்டியும், மேலே போட முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான ஸ்வெட்டரும், குழந்தையைச் சேர்த்துக் கட்ட நீளமான நூல் துணியும் வேண்டும். தலை வழியாகப் போடும் ஸ்வெட்டர் இதற்கு உதவாது. குழந்தைப் பொருள் பட்டியலில் தாயின் உடை இடம்பெற்று நான் பார்த்ததே இல்லை. போதிய கம்பளி இல்லாத வீட்டில்தான் இரவில் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாக்கர் வேண்டவே வேண்டாம். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்தது, வாசலைத் தாண்டினால் படிக்கட்டும் சரிவுமாக இருக்கும் லைன் வீட்டில் அது இன்னும் மோசம். மலைத்தேன் நல்ல பொருள்தான், ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குச் சேனையாகக் கூட வைக்கக் கூடாது. முகப்பவுடர், மை, நீண்ட நாடா வைத்த தொப்பி, கண் பிடுங்கி வரும் பொம்மை ஆகியவற்றை ஒதுக்கிவிட வேண்டும். சொறி சிரங்கு பரவாமலிருக்க, வந்த துணி எல்லாவற்றையும் வெந்நீரில் துவைப்பது நல்லது. துவைக்க முடியாத போர்வையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாளுக்குக் குறையாமல் வைத்துப் பிறகு வெயிலில் போடலாம்.

வெயில் என்றதும் காலக்கணக்கு வந்துவிடுகிறது. பேரிடர்ச் செய்தி வந்த பிறகு சேகரிக்கத் தொடங்கினால் துணி ஆடி மழையில் வந்து இறங்கும். காயப்போட இடமின்றிக் கிடங்கிலேயே பூஞ்சை பிடித்துவிடும். மாசி, பங்குனியில் சேகரித்து, சித்திரை வெயிலில் துவைத்துக் காயவைத்து, வைகாசிக்குள் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துக்கு நாப்கின் துணியும் ரப்பர் விரிப்பும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கம்பளிகளை ஐப்பசி வரை உலர்ந்த பெட்டியில் வேப்பிலையோடு வைத்திருந்து, உதகை, குந்தா, கோத்தகிரி மேல்பகுதிகளுக்குக் கார்த்திகையில் அனுப்பலாம்.

யாருக்கு எப்போது பிரசவம் என்பதைக் கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடி ஊழியரும் பதிவேட்டில் வைத்திருக்கிறார்கள். சேகரிக்கிறவர்கள் அந்தப் பட்டியலைக் கேட்பது தவறு. ஒரு பெண்ணின் கர்ப்பமும் வறுமையும் முன்பின் தெரியாதவர் கையில் போக வேண்டியதில்லை. கட்டி முடித்த பையைச் செவிலியரிடம் கொடுத்துவிட்டால், எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அவருக்குத் தெரியும். கூடலூரில் 1990 முதல் பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை நடத்திவரும் அஸ்வினி போன்ற அமைப்புகளுக்கும் தம் மக்களின் தேவை வீடு வீடாகத் தெரியும். பை பிரசவத்துக்கு முன்பே போய்ச் சேர்வதில் ஒரு தடங்கல் உண்டு: பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று புதுத்துணி வாங்கி வைப்பது ஆகாது என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். அதோடு வாதாட வேண்டியதில்லை. பையை மருத்துவமனையிலோ அங்கன்வாடியிலோ வைத்திருந்து, 102 தாய்சேய் ஊர்தியில் வீட்டுக்குக் கிளம்பும் அன்று கையில் கொடுத்தால் போதும். கொடுக்கும்போது படம் எடுக்காமல் இருப்பதும் அவசியம். ஒரு முறை அப்படி எடுத்த படம் தோட்டம் முழுக்கச் சுற்றிவந்த பிறகு, அடுத்த மாதப் பைகளை வாங்க இரண்டு வீட்டார் மறுத்துவிட்டார்கள் என்று ஒரு அங்கன்வாடி டீச்சர் என்னிடம் சொன்னார்.

பழந்துணி கொடுப்பது அவமானம் என்று சிலர் கூசுகிறார்கள். நம் வழக்கில் பிறந்த குழந்தைக்கு முதலில் சுற்றுவதே பாட்டியின் பழைய நூல் சேலைதான், புதுத்துணி பிறகுதான் ஏறும். பழையது என்பதால் யாரும் முகம் சுளிப்பதில்லை. யாருடையது, எப்படி வந்தது, துவைத்து மடித்து வந்ததா, மூட்டையாகத் தூக்கிப் போடப்பட்டதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். படம் சுற்றிய கதையைச் சொன்ன அந்த டீச்சரின் அங்கன்வாடியில் இப்போது கம்பளிகளைத் தானமாகக் கொடுப்பதில்லை, இரவலாகக் கொடுக்கிறார்கள். பனி முடிந்ததும் தாய்மார்கள் துவைத்துத் திருப்பித் தந்துவிட வேண்டும், அடுத்த கார்த்திகையில் அது வேறு குழந்தைக்குப் போகும். பங்குனி மாதம் நான் அங்கே போயிருந்தபோது, ஒரு இளம்பெண் நீல ஸ்வெட்டர் ஒன்றை மடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். முழங்கை கிழிந்த இடத்தில் வேறு நிற நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தாள். “டீச்சர், ஒரு குல்லா மட்டும் இவன் இன்னும் போட்டுட்டிருக்கான், அதை அடுத்த மாசம் தர்றேன்” என்றாள். டீச்சர் பதிவேட்டில் ஸ்வெட்டருக்கு நேரே மட்டும் ஒரு டிக் போட்டுவிட்டு, நோட்டை மூடினார்.